சுத்தமான பிரதி

இதை நான் நேரில் பார்க்கவில்லை. எங்கள் ஆபீஸ் ரிசப்ஷனில் இருக்கும் அக்கா மதியச் சாப்பாட்டின்போது சொன்னது.

"என்னை ஒருத்தர் நல்லா ஏமாத்திட்டுப் போயிட்டார்" என்றுதான் ஆரம்பித்தார்.

"யாரு?" என்றார் ஸ்டோர்கீப்பர் அண்ணன், டப்பாவைத் திறந்தபடி.

"ஒரு பல் டாக்டர்."

"அவங்க வாயைத் திறக்கச் சொல்லும்போதே உஷாரா இருக்கணும்."

அக்கா சிரிக்கவில்லை.

போன வருடம் இறந்துபோன அக்காவின் அப்பாவுக்குப் பழைய நாணயம் என்றால் பைத்தியம். ஆனால் ஒன்றுகூட வாங்கியதில்லை. வசதியில்லை. அதனால் நாணயங்களைப் பற்றிய புத்தகங்களை வாங்கினார். ஏலத்துக்கு வரும் நாணயங்களைப் படம் போட்டு அச்சடித்த கேட்டலாக், நாணயச் சங்கத்தின் பேட்ஜ், உறுப்பினர்கள் முறைப்பாக நிற்கும் குரூப் போட்டோ, எதையும் விடவில்லை. அலமாரி நிறைந்து கட்டிலுக்கு அடியிலும் போனது.

"எங்கம்மா சொல்வாங்க, ஊர்ல அவனவன் காசு சேர்க்கிறான், உங்கப்பா காசோட போட்டோவைச் சேர்க்கிறார்னு."

அந்த அம்மாவுக்கு இப்போது முழங்கால் ஆபரேஷன். திங்கட்கிழமைக்குள் பணம் கட்டச் சொல்லியிருந்தார்கள். அக்கா கையில் பாதிதான் இருந்தது.

அப்போதுதான் பல் டாக்டர் வந்தார். அப்பாவோடு சங்கத்தில் இருந்தவர். அவருக்கும் அதே புத்தகப் பைத்தியம். அலமாரியில் தேடி ஒரே ஒரு பழைய ஏல கேட்டலாக்கை எடுத்துப் புரட்டினார். ஒரு தொகை சொன்னார். ஆஸ்பத்திரிக்குக் குறைந்த பணம் அதில் வந்துவிடும். சனிக்கிழமை வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று போனார்.

"எனக்குக் கை கால் ஓடலை. இவ்வளவு கொடுக்கிறவருக்கு அழுக்காவா கொடுக்கிறது? பக்கத்துக்குப் பக்கம் ஓரத்துல அப்பா பென்சில்ல ஏதோ நம்பரும் பேருமா கிறுக்கி வெச்சிருந்தார். அந்த வாரம் பூரா உட்கார்ந்து ஒவ்வொண்ணா ரப்பரால அழிச்சேன். புதுசு மாதிரி ஆயிடுச்சு."

எனக்கு இதில் ஆச்சரியமில்லை. நான் படித்ததெல்லாம் பழைய புத்தகத்தில். வருடக் கடைசியில் அடுத்த வகுப்புப் பையனுக்கு விற்கும் முன் நானும் அப்படித்தான் அழிப்பேன். சுத்தமாக இருந்தால் பாதி விலையாவது தேறும்.

"சனிக்கிழமை வந்தாரா?" என்றார் அண்ணன்.

"வந்தார். புத்தகத்தைத் திறந்தார். முதல் பக்கம், அடுத்த பக்கம், அப்புறம் நடுவுல ஒண்ணு. மூடி வெச்சுட்டு 'ஒரு நிமிஷம்மா'ன்னு பால்கனிக்குப் போயிட்டார். எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டே நின்னார்."

"எதுக்கு?"

"சிரிப்பை அடக்கத்தான். அடிச்ச லாபம் முகத்துல தெரிஞ்சுடக் கூடாதில்ல?"

திரும்பி வந்த டாக்டர், "யாரும்மா இதைச் சுத்தம் பண்ணினது?" என்று கேட்டாராம்.

"நான்தான் டாக்டர்."

"ரொம்பப் பொறுமை உங்களுக்கு."

பேசிய தொகை இருந்த கவரை மேசையில் வைத்தார். பிறகு, "மத்த புத்தகத்தையும் இப்படிச் சுத்தம் பண்ணிட்டீங்களா?" என்றார்.

"இன்னும் இல்லை. நாளைக்கு ஆரம்பிக்கலாம்னு இருக்கேன்."

"வேண்டாம். எல்லாத்துக்கும் சேர்த்துப் பணம் தர்றேன். இப்பவே எடுத்துக்கிறேன்."

அக்காவுக்குக் குரல் ஏறியது. "தூசி தட்டக்கூட விடலை தெரியுமா? வேற யாராவது வந்து கூடுதலாக் கேட்டுடுவாங்கன்னு பயம். பேட்ஜ், போட்டோ எல்லாத்தையும் கார்ல ஏத்திக்கிட்டுப் பறந்துட்டார்."

"ஆஸ்பத்திரிக்குக் கட்டியாச்சில்ல?"

"கட்டியாச்சு. ஆனா ஒரு பைசா பேரம் பேசாம ஒருத்தர் கொடுக்கிறார்னா, அது எவ்வளவு பெறும்னு யோசிச்சுப் பாருங்க. அப்பா அருமையா வெச்சிருந்ததை அடிமாட்டு விலைக்குக் கொடுத்துட்டேனே."

"பேரம் பேசாதவனை நம்பவே கூடாது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, அண்ணன் என் பக்கம் திரும்பினார். "டிகிரி, நீ என்ன சொல்ற?"

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவன் நான் என்று தெரிந்ததிலிருந்து எனக்கு அதுதான் பெயர். தெரியாத விஷயத்தில் ஒரு மனிதரைத் திருடன் என்று சொல்லப் பயமாக இருந்தது.

"விசாரிச்சுட்டுச் சொல்றேன் அண்ணே."

அக்காவிடம் ஏலத்தின் வருடத்தையும் அட்டையின் நிறத்தையும் கேட்டு வைத்துக்கொண்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை, பழைய நாணயமும் அது சம்பந்தமான புத்தகங்களும் விற்கும் கடை ஒன்றைத் தேடிப் போனேன்.

கடைக்காரர் ஏணியில் ஏறி ஒரு கேட்டலாக்கை எடுத்துப் போட்டார். அதே வருடம், அதே அட்டை. புரட்டிப் பார்த்தேன். உள்ளே ஒரு கோடுகூட இல்லை.

"என்ன விலைங்க?"

"ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு கொடுங்க போதும். இது மூட்டை மூட்டையா கிடக்கு."

"இது ரொம்ப விலை போகும்னு சொன்னாங்களே."

"அது வேற காப்பி தம்பி. அந்த ஏலத்துல கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்த ஒருத்தர், எந்தக் காசு எவ்வளவுக்குப் போச்சு, யார் வாங்கினாங்கன்னு ஓரத்துல பென்சில்ல குறிச்சு வெச்சார். அந்த விவரம் வேற எங்கேயும் கிடையாது. விலை அந்தப் பென்சிலுக்குத்தான்."

நான் கையிலிருந்த கேட்டலாக்கின் வெற்று ஓரத்தைப் பார்த்தேன்.

"அது இப்ப ஒரு பல் டாக்டர்கிட்ட இருக்கு" என்றார் அவர். "வருஷக்கணக்கா அதுக்காகக் காத்திருந்த மனுஷன். எனக்கும் ஒரு தடவை காட்டுங்கன்னு கேட்டேன். ரொம்பச் சுத்தமா இருக்கு, வெளியில எடுக்க மனசு வரலைன்னுட்டார்."