அரை கோல்

முப்பத்திரண்டு வயது கால்பந்து முன்கள ஆட்டக்காரி ஜெஸ்மிக்கு இன்னும் அரை கோல் வேண்டும். கிடைக்காவிட்டால் இன்றோடு அணி அவளை அனுப்பிவிடும். வேறெந்த அணியும் இந்த வயதில் அவளைக் கூப்பிடாது. ஆட்டம் முடிய ஆறு நிமிடங்கள் இருந்தன.

நடுக்கோட்டைத் தாண்டியதும் பந்து கிடைத்தது. அவளால் பொறுக்க முடியவில்லை. இடது காலால் ஓங்கி அடித்தாள். பந்து வளைந்து போய் மேல்மூலையில் வலையைக் குலுக்கியது. அரங்கமே மின்பலகையை நிமிர்ந்து பார்த்தது. அடிக்கும் இடத்திலிருந்து கோல் விழ எவ்வளவு வாய்ப்போ அவ்வளவுதான் இப்போதெல்லாம் கணக்கு. அவ்வளவு தூரத்திலிருந்து அந்த வாய்ப்பு நூற்றில் இரண்டுதான். ஆகவே நூற்றில் இரண்டு பங்கு கோல் மட்டும் அவள் பெயரில் ஏறியது.

"பந்து உள்ளதானே கெடக்கு!" என்று நடுவரிடம் கத்தினாள்.

"அதுக்கு நான் என்னம்மா பண்றது? கிட்டப் போய் அடிச்சிருக்கலாம்ல?"

எதிரணியின் கோல்கீப்பர் அபிஷா அவளுடைய ஊர்க்காரி. வலையிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டே, "அழகா அடிச்சக்கா. ஆனா உனக்கென்ன கிறுக்கா?" என்றாள்.

கடைசி நிமிடத்தில் கோலுக்கு நேர் முன்னால் ஜெஸ்மியின் காலடியில் பந்து வந்து விழுந்தது. அபிஷா தடுமாறித் தரையில் கிடந்தாள். ஜெஸ்மி கண்ணை இறுக மூடிக்கொண்டு உதைத்தாள். பலகையில் முக்கால் கோல் ஏறியது. தோழிகள் ஓடிவந்து அவளைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள்.

அவள் அங்கிருந்து திரும்பித் திரும்பி வலையைப் பார்த்தாள். அது காலியாக இருந்தது.

"ஏட்டி அபிஷா, பந்து எங்க போச்சு?"

"தெரியலக்கா. நானும் போர்டத்தான் பாத்துட்டு இருந்தேன்."