அறுபது, நாற்பது, முப்பது

“அக்கா, போனை வைக்காத. லைன்லயே இரு. ஒயரை வெச்சு அத்தானைப் பத்தி ஏதாவது தெரியுதான்னு பாக்கறேன்.”

சொல்லிவிட்டானே தவிர, எலக்ட்ரீசியனுக்கே நம்பிக்கை இல்லை. காலையில் சுரங்கப்பாதைக்குள் மண் சரிந்து வழியை அடைத்துவிட்டது. அந்தப் பக்கம் அக்காவின் கணவரோடு சேர்த்து ஐந்து பேர். உயிரோடு இருக்கிறார்களா என்று யாருக்கும் தெரியாது. உள்ளேயிருந்த போன் செத்துவிட்டது. அதன் ஒயர் மட்டும் மண்ணுக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்தது.

இரண்டு கம்பிகளையும் பேட்டரியில் மாட்டினான். மீட்டரில் முள் அசைந்தது.

“இருபத்துநாலு வோல்ட்டு. பாயிண்ட் நாலு ஆம்ப். வகுத்தா அறுபது ஓம்.”

“தமிழ்ல சொல்லுடா,” என்றார் மேஸ்திரி.

“இந்த ஒயருக்கு இருபது மீட்டருக்கு ஒரு ஓம்ணே. அப்ப ஆயிரத்து இருநூறாவது மீட்டர்ல ரெண்டு கம்பியும் ஒட்டிக்கிட்டு இருக்கு.”

மேஸ்திரியின் முகம் இருண்டது. ஐந்து பேரும் வேலை செய்த இடம் அது. “அங்கயும் இடிஞ்சிருக்குடா. பாறை விழுந்து ஒயரை நசுக்கிடுச்சு,” என்றார் மெல்ல.

“என்னடா சொல்றாரு?” போனில் அக்கா.

“ஒண்ணுமில்லக்கா. கணக்குப் போடறோம்.”

கொஞ்ச நேரத்தில், யாரும் தொடாமலே முள் மேலே ஏறியது. பாயிண்ட் ஆறு.

“நாப்பது ஓம். எண்ணூறு மீட்டர்.”

“இப்பத்தானே ஆயிரத்து இருநூறுன்னே! உன் கணக்கை நம்பி அரைக் கிலோ உருளைக்கிழங்கு வாங்க முடியாது போலருக்கே. கரண்ட்ல ஒயர் சூடாகி, உருகி ஒட்டுதோ?”

“இருபத்துநாலு பெருக்கல் பாயிண்ட் ஆறு, பதினாலு வாட்டு சொச்சம்ணே. இவ்ளோ நீள ஒயர்ல அது கைச்சூடு அளவுக்குக்கூட வராது.”

முள் மறுபடி ஏறியது. பாயிண்ட் எட்டு. முப்பது ஓம். அறுநூறு மீட்டர்.

மேஸ்திரி துள்ளி எழுந்தார். “கூரை வரிசையா இடிஞ்சு விழுந்துக்கிட்டே வருதுடா! அடுத்தது நம்ம தலைதான். மெஷினை நிறுத்துங்க! எல்லாரும் வெளிய ஓடுங்க!”

மண் அள்ளிக்கொண்டிருந்தவர்கள் அப்படியப்படியே போட்டுவிட்டு ஓடினார்கள்.

“டேய், உனக்குத் தனியா வெத்தலை பாக்கு வைக்கணுமா? வாடா!”

அவன் நகரவில்லை. இத்தனை பாறை விழுந்தும் காலடியில் தரை கொஞ்சம்கூட அதிரவில்லையே? மீட்டரையே பார்த்தான். முள் எட்டிலிருந்து ஆறுக்கு இறங்கியது. மறுபடி எட்டு. மறுபடி ஆறு. அவசரமே இல்லாமல், மூச்சு விடுவதுபோல.

எட்டி மேஸ்திரியின் கையைப் பிடித்தான்.

“அண்ணே, பாறை ஒயரை நசுக்கும். நசுக்கிட்டு, விட்டுட்டு, மறுபடி நசுக்குமா?”

“என்னடா உளர்ற?”

“உள்ள இருக்கறவங்க அங்கங்க ஒயரைச் சுரண்டி, ரெண்டு கம்பியையும் முறுக்கிக் காட்டிக்கிட்டே நம்மளைப் பார்த்து நடந்து வர்றாங்கண்ணே! மண்ணை அள்ளச் சொல்லுங்க!”