பேத்தோவனுக்கு ஒரு ஆள்

பேத்தோவன் வாசிக்கும்போது மன்னிக்கவே முடியாத ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள், மோட்சார்ட்டுக்கு நினைத்தாலே சிரிப்பு வருகிற ஒருவரை, என்றுதான் செலின் டீச்சர் எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பாள். ஐம்பத்திரண்டு வயதில் பியானோ கற்க வந்த தனபால், வெளியில் எறும்பிடம்கூட வாங்க போங்க என்று பேசுகிற சாது. போன மாதம் அவர் பேத்தோவனில் கைவைத்தார். ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன. எதிர்வீட்டு நாய் தெருவையே காலிசெய்துகொண்டு போய்விட்டது. அசந்துபோன டீச்சர், "யாரை நெனச்சீங்க?" என்று கேட்டுத் தொலைத்தாள். "வீட்டுக்காரியத்தான்" என்றார் அவர், வெட்கத்தோடு.

இன்று அந்த வீட்டுக்காரி தமயந்தியே ஒரு டப்பா அதிரசத்தோடு வந்து நின்றாள். "முன்னல்லாம் எரிஞ்சு விழுவார். இப்ப வீட்ல தங்கமா இருக்கார் டீச்சர். யாரையோ நெனச்சு வாசிக்கணுமாமே, பேத்தோவனுக்கு யாருன்னு கேட்டா வாயே தொறக்கல. உங்களுக்காவது தெரியுமா?"

பியானோவின் முன் தனபால் குனிந்த தலை நிமிரவில்லை. டீச்சரின் வாயில் பாதி அதிரசம் கல்லாகிவிட்டது. எந்த நேரத்தில் இந்தப் பாடத்தைக் கண்டுபிடித்தோமோ என்று நொந்துகொண்டே, "அவங்க ஆபீஸ் மேனேஜர்" என்றாள்.

"அந்தக் கட்டைல போறவனா! நல்லா வேணும்." தமயந்தியின் முகம் மலர்ந்தது. "அப்ப மோட்சார்ட்டுக்கு நான்தானே?"

டீச்சர் தலையாட்டினாள். மோட்சார்ட்டுக்கு ஆள் கிடைக்காமல் தனபால் முதல் வரியிலேயே நின்று இரண்டு மாதமாகிறது.

"அதையே வாசிக்கச் சொல்லுங்க, கேட்டுட்டுப் போறேன்" என்ற தமயந்தி, நாற்காலியை அவருக்கு எதிரே இழுத்துப் போட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, போட்டோவுக்கு உட்காருவதுபோல் உட்கார்ந்தாள்.