நாத்தனார் முடிச்சு

குழலியின் கல்யாணப் பந்தலில் கயிறே கிடையாது. நாங்கள் வேலை பார்க்கும் கம்பெனியில் ஒயர்களைக் கட்டும் பிளாஸ்டிக் டையால்தான் தென்னங்கீற்றையும் மாவிலையையும் இழுத்துக் கட்டியிருந்தோம்.

ஒரகடத்தில் நானும் குழலியும் ஒரே அறையில் வாடகைக்கு இருக்கும் லைன் வீட்டுக்குப் பின்னால், இன்னும் யாரும் வாங்காத காலி மனை. அதன் எல்லைக் கல்லுக்குக்கூட யாரோ குங்குமம் வைத்துவிட்டார்கள்.

மணவறை என்பது, கம்பெனிக்குப் பெட்டிகள் வந்திறங்கும் மரப் பலகைகளை ஒட்டிப் போட்டு மேலே ஒரு போர்வையை விரித்தது. போர்வை என்னுடையது. குளிர் நாட்களில் நானும் குழலியும் சேர்ந்து போர்த்திக்கொள்வது.

மாப்பிள்ளை வேல்ராஜ் நைட் ஷிஃப்ட் முடித்து நேராக வந்திருந்தான். பட்டு வேட்டி கட்டியும் கண்ணில் தூக்கம் போகவில்லை. நல்லவன்தான். அவனைத் திட்ட ஒரு காரணம் கிடைக்குமா என்று நானும் பல மாதமாகத் தேடுகிறேன். படுபாவி, ஒன்றுகூட வைக்கவில்லை.

இரண்டு வீட்டிலும் சம்மதம் இல்லை. அவனுக்கு ஊர் கோவில்பட்டிப் பக்கம். அங்கிருந்து ஒருவரும் வரவில்லை. குழலியின் அம்மா மட்டும் சந்தைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, வாலாஜாபாத்திலிருந்து கட்டைப் பையோடு பஸ் ஏறி வந்திருந்தாள். காற்றில் குத்துவிளக்கு ஒரு தரம் அணைந்தது. அதற்கே அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வீட்டுக்காரம்மா ராஜம்மா விளக்கை மறுபடி ஏற்றினாள்.

காலையில் குழலிக்கு நான்தான் தலை பின்னினேன். தினமும் பின்னுவதுதான். இன்று அது சீக்கிரம் முடிந்துவிடக் கூடாது என்று, சரியாக வரவில்லை என்று சொல்லி அவிழ்த்து அவிழ்த்துப் பின்னினேன்.

முன்பு ஒரு நாள் ஓவர்டைம் பார்த்துவிட்டுக் கால் வீங்கி வந்து படுத்தவள், "கல்யாணமெல்லாம் வாணாம்டி கலை, நாம ரெண்டு பேரும் இப்பிடியே இருந்துடலாம்" என்றாள். சொன்னவள் அடுத்த நிமிஷம் தூங்கிப்போனாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

இன்று சாப்பாடு முடிந்ததும் அவள் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் பார்த்திருக்கும் வீட்டுக்குப் போய்விடுவாள். இனி அந்த அறையில் நான் மட்டும்தான்.

தாலியை எடுக்கும்போதுதான் ராஜம்மாவுக்கு ஞாபகம் வந்தது. முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவான். மற்ற இரண்டும் அவனுடைய அக்காவோ தங்கையோ போட வேண்டியது. வேல்ராஜுக்கு ஒரு அக்கா இருக்கிறாள். வரவில்லை.

"கலை, இன்னா பாத்துகினு நிக்கிற? நீ வா. இன்னிக்கி நீதான் நாத்தனாரு" என்றாள் ராஜம்மா.

போனேன். ஒரு உறவும் இல்லாமல் நின்றவளுக்கு உறவு கிடைத்துவிட்டது, அதுவும் அவன் பக்கத்து உறவு. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

குழலிக்குப் பின்னால் மண்டியிட்டு, அவள் ஜடையை எடுத்து முன்பக்கமாகப் போட்டேன். வேல்ராஜ் அவள் கழுத்தைச் சுற்றிக் கையைக் கொண்டுவந்தான். அரைத்த மஞ்சளின் ஈரத்தில் கயிறு வழுக்கியது.

யாரோ செல்போனில் கெட்டிமேளம் போட்டார்கள். எல்லாரும் அட்சதையைத் தூவினார்கள். போட்டோ எடுத்த பையன் இங்கே பார், இங்கே பார் என்று கத்தினான். வேல்ராஜ் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். அந்தப் போட்டோவில் அவன் நன்றாகவே விழுந்திருக்கிறான்.

கயிற்றை அவன் கையிலிருந்து வாங்கி, போட வேண்டியதைப் போட்டேன். பிறகு ஜடையை எடுத்து அதன்மேல் விட்டேன்.

எலுமிச்சை சாதமும் கேசரியும் ராஜம்மா வீட்டு அடுப்பில் செய்தது. வேல்ராஜ் என் தட்டில் இன்னும் கொஞ்சம் கேசரி வைத்து, இனிமேல் நீ எனக்குத் தங்கச்சி என்றான். தலையாட்டினேன்.

ஷேர் ஆட்டோ வந்தது. ஏறப் போன குழலி திரும்பி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

"முடிச்செல்லாம் கெட்டியா போட்டியாடி?"

"அவுறாது, போ" என்றேன்.

ஆட்டோ மெயின் ரோட்டில் திரும்பும்வரை நின்றேன். போர்வையை எடுத்து உதறினேன். அட்சதை கொட்டியது. போர்வையை அறைக்குள் போட்டுப் பூட்டிவிட்டு, செகண்ட் ஷிஃப்ட் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

கம்பெனியில் அசெம்பிளி லைனில் உட்கார்ந்து கையுறையை எடுத்தபோதுதான் பார்த்தேன். நகக்கண்ணெல்லாம் மஞ்சள்.

அவன் போட்டோவுக்கு நிமிர்ந்த நேரத்தில், கயிற்றின் இரண்டு நுனியும் என் கைக்குத் தனித்தனியாகத்தான் வந்தன. சுற்றியிருந்தான், முடிச்சு விழவே இல்லை. நான் வாயைத் திறந்திருந்தால் குழலியின் அம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பாள். அதனால்தான் சொல்லவில்லை என்று பஸ்ஸில் வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

மூன்று முடிச்சும் நான் போட்டதுதான்.

லைன் ஓட ஆரம்பித்துவிட்டது. கழுவாமலே கையுறையை மாட்டிக்கொண்டேன்.