முதலில் வணக்கம்

குழாய் வேலைப் பயிற்சி மதிப்பீட்டாளர் திருமேனி, குழாய் உடைந்த தம் சமையலறையில் கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றார். தேர்வில் தேறியவரின் கை என்று அடையாளம் கண்டால்தான் ஸ்பேனரே திரும்பும் காலம் அது. அவரோ தேர்வு வைக்க மட்டுமே தேர்ச்சி பெற்றவர்.

மாடிவீட்டு ஜெசிந்தா ஓடிவந்தாள். உடைந்த குழாயை முதலில் அடைத்துவிட்டு அப்புறம் வணக்கம் சொன்னாள் என்று, போன வாரத் தேர்வில் அவர்தான் அவளுக்குத் தேர்ச்சியில்லை என்று எழுதியிருந்தார். ஸ்பேனர் அவளுக்கும் அசையவில்லை.

"இப்பவே மறுதேர்வு வெச்சிடலாம்மா" என்றார் அசடு வழிய.

ஜெசிந்தா ஸ்பேனரைக் கீழே வைத்தாள். நிதானமாகக் கைகூப்பினாள்.

"வணக்கம் சார். என் பேரு ஜெசிந்தா. உங்க பிரச்சினை என்னன்னு சொல்லுங்க."

தண்ணீர் கூடத்துக்குள் நுழைந்தது. தேர்வுப் படிவத்தில் இன்னும் முப்பத்தொன்பது படிகள் இருந்தன. அத்தனையும் அவரே யோசித்து யோசித்து எழுதியவை.