இரவல் ஜாக்கி

தருவைகுளம் உப்பளப் பாதையில் டயர் வெடித்து நின்றது அந்த வேன். பின்னால் உப்பு லாரி ஓட்டி வந்த செந்தூர்பாண்டியைக் கைகாட்டி நிறுத்தினான் வேன்காரன் கிருபாநிதி.

“அண்ணாச்சி, ஒங்க ஜாக்கியக் கொஞ்சம் தாங்க. மழைக்கு முன்னால கெளம்பணும்.”

“ஒம்மகிட்ட இல்லியா?”

“இருக்கு. இங்கன சரிப்படாது.”

செந்தூர்பாண்டி தன் பழைய ஜாக்கியோடு கனத்த பனம்பலகை ஒன்றையும் இறக்கினார். பலகைமேல் ஜாக்கியை வைத்துத் தள்ளிக்கொண்டு வேனுக்கடியில் ஊர்ந்தார்.

“மேல பாறை மாதிரி உப்புப் பொருக்கு, அடியில பூரா சகதி. பலக இல்லன்னா ஜாக்கி இறங்கிரும்.”

வேன் மெல்ல உயர்ந்தது. திடீரென்று பொருக்கு வெடித்தது. வேன் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

“வெளிய வாங்க அண்ணாச்சி!” கிருபாநிதி அலறினான்.

பலகை முனகியது. ஆனால் தாங்கிக்கொண்டது.

டயரை மாற்றி முடித்ததும் செந்தூர்பாண்டி பலகையில் ஒட்டிய சகதியை வழித்தெறிந்தார்.

“எங்க மொதலாளி ஞானையா புது ஜாக்கி வாங்குதாரு. மெட்ராஸ் சரக்காம், எந்த மண்ணுலயும் நிக்குமாம். இந்தப் பழசையும் பலகையையும் தூக்கி எறியச் சொல்லிட்டாரு.”

கிருபாநிதி ஸ்பேனர்களைப் பொறுக்கத் தொடங்கினான்.

வெடித்த டயரை ஏற்றுவதற்காக வேனின் பின்கதவைத் திறந்தார் செந்தூர்பாண்டி. உள்ளே பன்னிரண்டு புத்தம்புது ஜாக்கிகள். ஒவ்வொன்றிலும் ‘ஞானையா உப்பளம்’ என்று சீட்டு ஒட்டியிருந்தது.

“ஏன் வே, இதுல ஒண்ண எடுத்திருக்கலாமே?”

கிருபாநிதி தலையைக் குனிந்துகொண்டான்.

“இத நம்பி வண்டிக்கடியில படுக்கவா? நான் பிள்ளகுட்டிக்காரன் அண்ணாச்சி.”