மீதிப் பாதி

மெர்டேக்கா சுதந்திர தினக் கொண்டாட்டம் முடிந்த மறுவாரம், காஜா பேராங் பகுதியில் இருந்த அக்கா வீட்டுக்குச் சுப்பையன் பதறிக்கொண்டு வந்தான்.

"அக்கா, ராஜரத்தினம் அண்ணனைக் கட்டிக்கப் போறியாமே, நிஜமா?"

"ஆமாடா. வெள்ளிக்கிழமை, பிள்ளையார் கோயில்ல." கமலவேணி உட்கார்ந்தபடியே கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இனிப்புநீர் முத்திக் காலை எடுத்தவங்கள்ல பாதிப் பேர் அஞ்சு வருஷம் தாண்டமாட்டாங்கன்னு டாக்டர் சொன்னாரே, மறந்துட்டியா?"

"மீதிப் பாதி தாண்டுறாங்கல்ல? ஊசி தவறாது. சீனி இந்த வீட்டு வாசல் மிதிக்காது. இருக்கிற ஒத்தக் காலைப் புண் வராம தினமும் கழுவித் துடைச்சுக் காப்பாத்திக்கலாம்."

"அப்படியும் ஏதாவது ஆயிட்டா?"

"ஆகவிடமாட்டேன்."

இவளிடம் பேசிப் பயனில்லை என்று சுப்பையன் வாசலுக்கு வந்தான். அப்போதுதான் ராஜரத்தினம் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து இறங்கினார். சுப்பையன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, ஏற்கெனவே ஒரு பெண்டாட்டியைப் பறிகொடுத்தவரு நீங்க. காலை எடுத்த எங்க அக்காவைக் கட்டிக்கிட்டு, மறுபடியும் தனியா நின்னுடுவீங்களோன்னு பயமா இருக்கு."

ராஜரத்தினம் மற்றக் கையால் சைக்கிளைச் சுவரில் சாய்த்தார்.

"அவளுக்கு ரெண்டு காலும் நல்லாத்தான் இருந்துச்சு, தம்பி. ஒரே காய்ச்சல்ல போயிட்டா."

உள்ளேயிருந்து ஊன்றுகட்டைகளின் சத்தம் கேட்டது. தாங்கிப் பிடிக்க ஓடிய சுப்பையனைக் கமலவேணி தள்ளி நிறுத்தினாள்.

"விடுடா! மணவறையை நானே நடந்து சுத்தி வரணும். இப்பவே பழகிக்கிறேன்."